சலவைச் சீட்டில் இரண்டு ஆங்கிலம்

சீட்டில் ‘பேண்ட்ஸ் – 4’ என்று எழுதியிருந்தது. பையைக் கொட்டி எண்ணினால் கால்சட்டை ஒன்றுதான் இருந்தது. மேல்சட்டை இரண்டு, காலுறை ஆறு ஜோடி, ஜட்டி நான்கு. காலையிலிருந்து இப்படி வரும் மூன்றாவது பை அது. வேலையில் சேர்ந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. மூன்று கால்சட்டையைத் தொலைத்துவிட்டேன் என்று சம்பளத்தில் பிடித்துவிடுவார்களோ என்று வயிற்றைக் கலக்கியது.

எங்கள் சூப்பர்வைசர் அண்ணன் நாகர்கோவில்காரர். பையையும் சீட்டையும் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “சீட்ட அப்புறம் படி மக்கா. மொதல்ல துணியப் பாரு. எந்த நாட்டுக்காரன் துணின்னு தெரிஞ்சாத்தான் சீட்டு என்ன சொல்லுதுன்னு தெரியும்.”

பிரிட்டிஷ்காரருக்கு ‘பேண்ட்ஸ்’ என்றால் ஜட்டி. கால்சட்டையை அவர் ‘டிரௌசர்ஸ்’ என்பார். அமெரிக்கருக்கு நம் ஊரைப் போலவே கால்சட்டைதான் பேண்ட்ஸ். இரண்டு பேரும் பேசுவது ஆங்கிலம். சண்டை போடுவதும் ஒரே எதிரியோடு. ஆனாலும் எங்கள் கவுண்டரில் ஒரே சீட்டை வைத்து வேலை செய்ய முடியவில்லை. கடைசியில் அண்ணன் மேஜைக்குப் பின்னால் இரண்டு படம் வரைந்து ஒட்டினார். அதற்குப் பிறகுதான் கணக்கு சரியாக வந்தது.

இது நடந்தது 2009 கடைசியில், ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில். நான் மன்னார்குடி பக்கத்து ஆள். துபாயில் வேலை என்று சொல்லித்தான் ஏஜெண்ட் பணம் வாங்கினார். துபாய் விமான நிலையத்துக்கு அப்பால் அந்த ஊரை நான் பார்க்கவில்லை. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன். லஷ்கர் கா நகரத்துக்கு வடமேற்கே, ஒரு மரம்கூட இல்லாத பாலைவனத்தில், பிரிட்டிஷ்காரர்கள் 2006-ல் கட்டிய பாஸ்டியன் முகாம் இருந்தது. 2009-ல் அமெரிக்க மரைன் படை வந்து அதை ஒட்டியே லெதர்நெக் என்ற முகாமைக் கட்டியது. எங்கள் கம்பெனிக்கு இரண்டு பக்கமும் சலவை கவுண்டர் இருந்ததால் மாறி மாறி வேலை போடுவார்கள். மூன்றரை வருடம் நான் இரண்டு படைகளின் அழுக்குத் துணியையும் எண்ணினேன்.

துணியைப் பார்த்தே போரை ஓரளவு படிக்கலாம். மரைன்களின் உடை சிறு சிறு கட்டங்களாகப் புள்ளி வைத்த பாலைவன நிறம். பிரிட்டிஷ் உடை முதலில் மணல் நிறத்தில் பழுப்புத் தீற்றல்கள் போட்டது. 2010-ல் பச்சையும் பழுப்பும் கலந்த புதிய உடைக்கு மாறினார்கள். முகாமுக்குள்ளேயே வேலை பார்க்கிறவர் உடையில் வெறும் வேர்வையும் மாவு போன்ற புழுதியும் இருக்கும். ஹெல்மண்ட் ஆற்றோரத்துப் பசுமைப் பகுதியிலிருந்து வருகிறவர் உடையில் முழங்கால்வரை வாய்க்கால் சேறு காய்ந்திருக்கும். பாதையில் குண்டு புதைத்திருப்பார்கள் என்று வாய்க்காலுக்குள் இறங்கி நடந்த சேறு அது. அந்தச் சேற்றில் பிரிட்டிஷ் சேறு, அமெரிக்கச் சேறு என்று வித்தியாசம் கிடையாது.

பேச்சில் வித்தியாசம் இருந்தது. மரைன்கள் துணி எண்ணுகிற என்னையும் ‘சார்’ என்பார்கள். இருபது வயதுகூட நிரம்பாத பையன் விறைப்பாக நின்று “குட் மார்னிங், சார்” என்பான். முதல் வாரம் எனக்கு உடம்பே கூசியது. பிரிட்டிஷ்காரர்கள் ‘மேட்’ என்பார்கள், கவுண்டரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கிரிக்கெட் பற்றிக் கேட்பார்கள். மரைன்கள் பிரிட்டிஷ்காரரைப் பார்த்து இவர்களுக்கு ஒழுங்கில்லை என்று நினைத்தார்கள். மரைன்களுக்கு மனிதரோடு பழகத் தெரியவில்லை என்பது பிரிட்டிஷ்காரர் கட்சி. இரண்டுமே மரியாதைதான் என்று இரண்டையும் தினமும் வாங்கிக்கொண்ட எனக்குத் தெரியும்.

அவர்களுக்குள் இருந்த கசப்பு உடுப்பையும் பேச்சையும் பற்றியது மட்டுமில்லை. பிரிட்டிஷ் படையிடம் போதுமான ஹெலிகாப்டர் கிடையாது. 2009 ஜூலையில் அவர்களுடைய தரைப்படைத் தளபதி சர் ரிச்சர்ட் டனட் ஹெல்மண்டுக்கு வந்தபோது அமெரிக்க ஹெலிகாப்டரில்தான் சுற்றினார். பிரிட்டிஷ் ஹெலிகாப்டர் இல்லாததால்தான் இதில் வந்தேன் என்று நிருபர்களிடமே சொல்லிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோதும் அந்தப் பேச்சு அடங்கவில்லை. உயிரைக் கொடுக்கத் தயாராக வந்தவனுக்கு வண்டியைக் கடன் கேட்க வேண்டியிருப்பது எவ்வளவு கூச்சம் என்று அந்த முகங்களில் பார்த்தேன்.

2010 ஜூனில் ஹெல்மண்டில் உள்ள படைகள் எல்லாம் அமெரிக்க மரைன் ஜெனரல் ரிச்சர்ட் மில்ஸின் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. நான்கு வருடம் அந்த மாகாணத்தைத் தாங்கிய பிரிட்டிஷ் படையும் அதில் அடக்கம். அதைவிடப் பெரிய காயம் சங்கின்.

சங்கின் ஒரு சின்ன ஊர், ஆற்றோரச் சந்தை. அதுவரை ஆப்கானிஸ்தானில் இறந்த பிரிட்டிஷ் வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், நூற்றுக்கும் மேற்பட்டவர்கள், அந்த ஒரு ஊரில் இறந்தவர்கள். 2010 செப்டம்பரில் பிரிட்டிஷ் ராயல் மரைன்களின் 40 கமாண்டோ அணி அதை அமெரிக்க மரைன்களிடம் ஒப்படைத்தது. அந்த ஒரு சுற்றில் மட்டும் 14 பேரைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய அணி அது. அவர்கள் துணிகளை நான் வாங்கிப் போட்டேன். யாரும் கிரிக்கெட் கேட்கவில்லை.

அடுத்த மாதமே லெதர்நெக் கவுண்டரில் வேறு பேச்சு. பிரிட்டிஷ்காரர்கள் சின்னச் சின்னக் காவல் முகாம்களைக் கட்டி அதற்குள்ளேயே முடங்கிவிட்டார்கள், எதிரி சுற்றிலும் குண்டைப் புதைத்துவிட்டான் என்றார்கள். அந்த முகாம்களில் பலவற்றை மரைன்கள் மூடினார்கள். போர்முறை என்று பார்த்தால் அது சரியாகவும் இருந்திருக்கலாம், அதைத் தீர்ப்பிட எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஒவ்வொரு முகாமையும் பிடித்து வைத்திருக்க யார் யார் செத்தார்கள் என்று தெரிந்தவன் பக்கத்துக் கவுண்டரில் நிற்கிறான். அந்த டிசம்பரில் விக்கிலீக்ஸ் வழியாக அமெரிக்கத் தூதரகத் தந்திகள் பத்திரிகைகளில் வந்தன. ஹெல்மண்டில் பிரிட்டிஷ்காரர்கள் வேலைக்குப் போதவில்லை என்று அவற்றில் இருந்தது. மனதுக்குள் வைத்திருந்தது அச்சில் வந்துவிட்டது.

அப்போது பிரிட்டிஷ் கலர் சார்ஜென்ட் ஒருவர் எங்களிடம் வருவார். நாற்பது வயதுக்காரர், துணியைத் தானே மடித்துக் கொடுப்பார். கவுண்டருக்குப் பின்னால் ஒட்டியிருந்த இரண்டு படத்தைப் பார்த்து ஒருநாள் சிரிக்காமல் சொன்னார்: “இது முன்னாடியே மாட்டியிருக்கணும், மேட். கொரியாவுல மாட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

அவர் சொன்னது 1951 ஏப்ரலில் நடந்தது. கொரியாவில் இம்ஜின் ஆற்றங்கரையில் பிரிட்டனின் 29-ஆவது பிரிகேடைச் சீனப் படை பெருந்திரளாகத் தாக்கியது. குளோஸ்டர்ஷயர் படையணி ஒரு குன்றில் நாலாபக்கமும் சூழப்பட்டது. பிரிகேடியர் டாம் பிராடி தன் மேலதிகாரியான அமெரிக்க ஜெனரலிடம் வானொலியில் ‘எ பிட் ஸ்டிக்கி’ என்றாராம். நம் மொழியில் ‘கொஞ்சம் இக்கட்டு’ என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பிரிட்டிஷ் அதிகாரி அப்படிச் சொன்னால், நாங்கள் அழிந்துகொண்டிருக்கிறோம் என்று பொருள். அமெரிக்கருக்கு அந்தச் சொல் அந்த எடையோடு போய்ச் சேரவில்லை. கொஞ்சம் கஷ்டம், சமாளிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார். குளோஸ்டர் அணியில் 500-க்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டார்கள். பிறகு அமெரிக்க ஜனாதிபதியின் படையணி விருதை அதே அணிக்கு அமெரிக்கா கொடுத்தது. அந்தப் பட்டையை அவர்கள் வழிவந்த படையணியினர் இன்னும் சட்டைத் தோளில் குத்திக்கொள்கிறார்கள் என்று தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

தமிழில் நாமும் அப்படித்தானே பேசுகிறோம்? ஒரு வாரம் ஐசியூவில் கிடந்த அப்பாவைப் பற்றிக் கேட்டால் “பரவாயில்ல, இருக்காரு” என்கிறோம். கேட்கிறவர் நம் ஊர்க்காரராக இருந்தால் அதற்குமேல் கேட்காமல் பஸ் ஏறி வந்துவிடுவார். அமெரிக்க ஜெனரல் ஊர்க்காரர் இல்லை. அவர் மீது குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த பிரிகேடியர் மீதும்தான்.

சங்கினில் மரைன்களின் ஐந்தாவது ரெஜிமெண்டின் மூன்றாவது பட்டாலியன் 2010 அக்டோபரில் பொறுப்பேற்றது. ஏழு மாதத்தில் 25 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். திரும்பி வந்தவர்கள் பிரிட்டிஷ்காரரைப் பற்றிப் பேசிய விதம் மாறியிருந்தது. முடங்கிவிட்டார்கள் என்ற சொல்லை அவர்களில் ஒருவர் வாயிலிருந்தும் பிறகு நான் கேட்கவில்லை. அங்கே இருந்த தலைமை முகாமின் பெயர் ஜாக்சன். 2006-ல் சங்கினில் இறந்த ஒரு பிரிட்டிஷ் பாராசூட் வீரரின் பெயர் அது. மற்ற எத்தனையோ மாற்றிய மரைன்கள் அந்தப் பெயரை மட்டும் மாற்றவில்லை.

அந்த பட்டாலியன் பையன் ஒருவன் ஊர் திரும்பும் வழியில் துணி எடுக்க வந்தான். பாஸ்டியனில் இறந்தவர்களின் நினைவுச் சுவர் எங்கே என்று கேட்டான். எனக்கு ஷிப்ட் முடிகிற நேரம், கூடவே நடந்தேன். செங்கல் சுவரில் சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகள், ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். அவன் ஒவ்வொரு வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டே போனான். சில பெயர்களில் விரல் நின்றது. அவன் காவல் நின்ற இடத்தில் முன்பு யார் நின்றார்கள் என்று உள்ளே சுவரில் எழுதிவைத்திருந்தார்களாம், அந்தப் பெயர்கள். அரை மணி நேரம் ஆயிற்று. திரும்பும்போது “தேங்க் யூ, சார்” என்றான். வேறு எதுவும் பேசவில்லை.

கசப்பு ஒருநாளும் எட்டாத இடம் ஒன்று இருந்தது, அது பாஸ்டியன் ஆஸ்பத்திரி. பிரிட்டிஷ் டாக்டர்களோடு அமெரிக்க டாக்டர்கள் ஒரே மேஜையில் அறுவை செய்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிவரச் சினூக் என்ற பெரிய பிரிட்டிஷ் ஹெலிகாப்டரும் போகும், ‘பெட்ரோ’ என்று அழைக்கப்பட்ட அமெரிக்க ஹெலிகாப்டரும் போகும். சினூக்குக்குள்ளேயே டாக்டர் இருப்பார், ரத்தம் ஏற்றுவார்கள். பெட்ரோ சிறியது, துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவிலும் இறங்கும். எந்த உடம்புக்கு எது வேண்டும் என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள், கொடியைப் பார்த்து இல்லை. ஆஸ்பத்திரித் துணி எங்களுக்குத் தண்ணீரில் கரையும் சிவப்புப் பையில் வரும், திறக்காமல் அப்படியே இயந்திரத்தில் போட வேண்டும். அதற்கு மட்டும் சீட்டு கிடையாது, யார் துணி என்று எழுதியிருக்காது. சிவப்புப் பை நிறைய வந்த நாளில் அண்ணன் ரேடியோவை அணைத்துவிடுவார்.

2012 செப்டம்பர் 14 இரவு எல்லாவற்றையும் மறுபடி கிளறிவிட்டது. தாலிபான்கள் 15 பேர் அமெரிக்கத் தரைப்படைச் சீருடை போட்டுக்கொண்டு பாஸ்டியன் பக்கத்து வேலியை வெட்டி நுழைந்தார்கள். ஆறு ஹாரியர் விமானங்கள் எரிந்தன. இரண்டு மரைன்கள் இறந்தார்கள், அதில் ஒருவர் அந்த ஹாரியர் அணியின் தலைவர். நாங்கள் கான்கிரீட் தடுப்புக்குள் குப்புறப் படுத்திருந்தோம். விமானம் பழுது பார்க்கிற மரைன்கள் துப்பாக்கியோடு ஓடியதும், பிரிட்டிஷ் விமானப்படையின் ரெஜிமெண்ட் வீரர்கள் வந்து சேர்ந்து இரவு முழுக்க இரு தரப்பும் ஒன்றாகச் சுட்டதும் விடிந்த பிறகு தெரிந்தது.

பாஸ்டியன் பக்கத்து வேலிக்குக் காவல் பிரிட்டிஷ் பொறுப்பு. காவல் கோபுரங்களில் பாதிக்கு மேல் அன்றிரவு ஆளில்லை. அடுத்த ஆண்டு அமெரிக்கா தன் மரைன் ஜெனரல்கள் இரண்டு பேரை ஓய்வில் அனுப்பியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு 2014-ல் குறைகளைச் சுட்டியது, ஆனால் அங்கே எந்த ஜெனரலின் பதவியும் போகவில்லை. இந்த ஒன்றை மரைன்கள் மன்னிக்கச் சிரமப்பட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். தாக்கியவர்கள் போட்டுவந்த அந்தச் சீருடையால் எங்கள் வேலையும் மாறியது. ஒவ்வொரு மேல்சட்டைக்கும் கால்சட்டைக்கும் இரண்டு முறை கணக்கு, இரண்டு கையெழுத்து. வரிசையில் நின்ற இரண்டு நாட்டுக்காரர்களும் பல வாரம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிரிட்டிஷ் நர்ஸ் வந்தார். இரவு ஷிப்ட் முடிந்து கண் சிவந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்ட மரைன் ஒருவனை விடியற்காலை ஜெர்மனிக்கு விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். அவன் அணி வெளியே தூரத்து முகாமில் இருந்தது. லாண்டரியில் ஒரு பை இருக்கிறது, அதில் தங்கை அனுப்பிய டீ-ஷர்ட் இருக்கிறது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னானாம். சீட்டைக் கொண்டுவந்திருந்தார், ஓரம் பழுப்பாகியிருந்தது. புது விதிப்படி அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மேலே போன் போட்டுக் கேட்டு அனுமதி வாங்கினார்.

பையைக் கவுண்டரில் கொட்டினேன். எண்ணுவது என் வேலை, ஆனால் அவரே சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். “டீ-ஷர்ட், மூன்று. காலுறை, ஐந்து.” அடுத்த வரிக்கு வந்ததும் ஒரு நொடி நின்று, குவியலைக் கையால் விலக்கி, கட்டம் போட்ட கால்சட்டைகள் இரண்டை எடுத்து மேலே வைத்தார்.

“பேண்ட்ஸ்,” என்றார், “இரண்டு.”