பென் டிரைவ் காட்டிய பொய்க்கணக்கு

சென்ற மாதம் அக்கா தம்முடைய பென் டிரைவைக் கொண்டுவந்து, அதில் சேமித்த படங்கள் திறக்கவில்லை என்றார். உறையில் ஒரு டெராபைட் என்று அச்சிட்டிருந்தது. கணினியும் அதையே சொன்னது. கோப்புறைகள், கோப்புப் பெயர்கள், தேதிகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் முதலில் சேர்த்த படங்கள் மட்டுமே திறந்தன. அவற்றுக்குப் பின் சேர்த்தவற்றில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. பழுது படங்களில் இல்லை, பென் டிரைவே போலி என்று அப்போதே தோன்றிவிட்டது.

கணினி எந்தப் பென் டிரைவின் கொள்ளளவையும் தானாக அளந்து பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு சொல்லும் எண்ணை அப்படியே நம்பிக்கொள்கிறது. அந்தச் சில்லின் நிலைபொருளை, அதாவது அதை இயக்கும் உள் மென்பொருளை, மாற்றி எழுதிவிட்டால், 32 ஜிபி நினைவகமும் தன்னை ஒரு டெராபைட் என்று சொல்லிக்கொள்ளும். உண்மையான எல்லையைத் தாண்டி எழுதப்படும் தரவைச் சில போலிகள் ஓசையின்றிக் கைவிட்டுவிடும். வேறு சில, மீண்டும் தொடக்கத்திலிருந்து பழைய தரவின் மேலேயே எழுதி, ஒரு கட்டத்தில், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் கோப்பு அட்டவணையையும் அழித்துவிடும். ஃபார்மட் செய்யவா என்று கணினி திடீரெனக் கேட்பது பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையில்தான். அக்காவுடையது முதல் வகை. அட்டவணை நினைவகத்தின் முற்பகுதியில் பத்திரமாக இருந்ததால் பெயர்கள் தெரிந்தன; எல்லைக்குப் பின் சேர்த்த படங்களோ எழுதப்படவே இல்லை.

இதனால்தான் விரைவு ஃபார்மட் செய்து பார்ப்பதும், வட்டுப் பிழை திருத்தியை ஓட்டுவதும் இங்கே எதையும் நிரூபிக்கா. அவை பெரும்பாலும் அட்டவணையோடு நின்றுவிடும். எல்லா இடத்திலும் சுழியத்தை நிரப்பிப் பார்ப்பதும் போதாது, ஏனெனில் திரும்பி வரும் சுழியம் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று சொல்ல வழியில்லை. ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்கே உரிய தரவை எழுதி, பிறகு படித்து ஒப்பிட வேண்டும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 ஆகிய இலவச நிரல்கள் இதைத்தான் செய்கின்றன. பொறுமை மட்டும் வேண்டும்: நொடிக்கு 10 எம்பி வேகத்தில் ஒரு டெராபைட்டை எழுதி முடிக்கவே ஏறத்தாழ 28 மணி நேரமாகும். அவசரமென்றால் விண்டோஸுக்கான வேலிடிரைவ் 576 இடங்களை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டுச் சில நிமிடங்களில் முடிவைச் சொல்லும். நான் முதலில் திறக்கக்கூடிய படங்களை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு எஃப்3 கொண்டு சோதித்தேன். உண்மைக் கொள்ளளவு 32 ஜிபியைத் தாண்டவில்லை.

கணக்கு சற்றுக் குறைவதெல்லாம் மோசடி ஆகாது. தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்காக எண்ண, விண்டோஸ் 1024-இன் மடங்காக எண்ணுவதால், நேர்மையான 64 ஜிபி பென் டிரைவும் 59.6 என்றுதான் காட்டும். மாறாக, நீல நிற முனையைப் பார்த்து யூஎஸ்பி 3.0 என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே உலோகத் தொடுமுனைகளை எண்ணிப் பாருங்கள்: 3.0-இல் முன்னே நான்கும் பின்னே ஐந்துமாக ஒன்பது இருக்கும். நான்கு மட்டுமே இருந்தால் அது 2.0, நீலம் வெறும் சாயம். கணினியில் தெரியும் தயாரிப்பாளர் அடையாள எண்ணையும் நான் சான்றாகக் கொள்வதில்லை, ஏனெனில் தொழிற்சாலை மென்பொருள் கையிலிருந்தால் அங்கே எந்த எண்ணையும் எழுதிவிடலாம்.

நிறுவனப் பெயரில்லாத பென் டிரைவுகளில் வரும் எல்லாப் பழுதும் போலித்தனமல்ல. கொள்ளளவு சுழியம் என்றோ, வட்டைச் செருகுங்கள் என்றோ வந்தால், கட்டுப்பாட்டுச் சில்லால் நினைவகத்தை எட்ட முடியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். எழுத முடியாது, படிக்க மட்டும் முடியும் என்ற நிலை பெரும்பாலும் நினைவகம் தேய்ந்துவிட்டதன் அறிகுறி. அந்தப் பூட்டை உடைக்க முயன்று நேரத்தைக் கழிக்காமல் உடனே நகலெடுத்துவிட வேண்டும்.

போலியை அதன் உண்மை அளவுக்குள் ஒரே பகுதியாகப் பிரித்துப் பயன்படுத்தலாம். எஃப்3-உடன் வரும் எஃப்3ஃபிக்ஸ் என்ற நிரல் அதற்கென்றே இருக்கிறது. ஆனால் முக்கியமான எதையும் அதில் வைக்க எனக்கு மனம் வராது. தொலைந்த படங்களுக்காக மீட்பு மென்பொருள் வாங்கலாமா என்று அக்கா கேட்டார். எழுதப்படாததை எந்த மென்பொருளும் மீட்காது என்று சொல்ல வேண்டியிருந்தது.

சோதனை முடிவைத் திரைப்பிடிப்பாக விற்றவருக்கு அனுப்பினோம். பணம் திரும்பி வரும்வரை உறையை நான் பிரிக்கவில்லை. பிறகு பிளந்து பார்த்தபோது, உள்ளே ஒரு சிறிய பலகையில் மைக்ரோ எஸ்டி அட்டை ஒன்று பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது.