உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் தினமும் அரை மணி நேரம் தேவனோடு தனித்திருங்கள் என்று போதகர் சொல்லிவிட்டார். விண்ணப்பப் பட்டியல் வேண்டாம், பாட்டு வேண்டாம், கைபேசி அறவே கூடாது. சும்மா அவர் சமுகத்தில் அமர்ந்திருக்க வேண்டும். வீட்டில் சொன்னதும் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அரை மணி நேரம் பேசாமலா? நீங்களா?"

மத்தேயு 6:6 தெளிவாகத்தான் இருக்கிறது. அறைவீட்டுக்குள் போ, கதவைப் பூட்டு. பூட்டினேன்.

கதவு திறந்திருக்கும்போது இந்த வீட்டில் என்னை ஈ காக்கை தேடாது. தாழ்ப்பாள் விழுந்ததுதான் தாமதம், சார்ஜர் எங்கே என்று மகன் தட்டினான். தட்டக் கூடாது என்று சத்தம் போட்டதால் மகள் தட்டவில்லை. கதவுக்கு அடியில் ஒரு தாளைத் தள்ளினாள். கணக்கு நோட்டில் கிழித்தது. 'அப்பா, ஜெபம் முடிஞ்சிடுச்சா? ஆம் / இல்லை. டிக் செய்யவும்.' பேனா அனுப்பவில்லை.

மாற்கு முதல் அதிகாரத்தைப் பாருங்கள். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். அப்புறம் இரண்டே வசனம், சீமோன் ஆட்களோடு வந்து, "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். ஆண்டவருக்கே அந்தக் கதி. எகிப்தின் வனத்து அந்தோணியார் பாழடைந்த கோட்டை ஒன்றில் சுமார் 20 வருடம் கதவடைத்துக் கிடந்தார். கடைசியில் நண்பர்கள் கதவையே பெயர்த்துவிட்டார்கள் என்று அத்தனாசியுஸ் எழுதிவைத்திருக்கிறார். என் மகள் தாளோடு விட்டாள்.

வெளியே அடங்கினாலும் உள்ளே அடங்குவதில்லை. நாலாம் நூற்றாண்டில் எவாகிரியுஸ் என்ற துறவி 'நண்பகல் பிசாசு' பற்றி எழுதினார். அது பிடித்தால் சூரியன் நகராதது போல இருக்குமாம். யாராவது சகோதரர் வருகிறாரா என்று துறவி ஜன்னலையே பார்ப்பானாம். கைபேசி இல்லாத காலத்திலேயே இந்த லட்சணம். நான் பார்த்தது, நின்றிருந்த மின்விசிறியை. ஒரு இறக்கையில் மட்டும் ஏன் இவ்வளவு தூசி? அதை யோசித்து முடிப்பதற்குள், போன வருடம் மேலாளருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அட்சர சுத்தமாக வந்து நின்றது. அதைத் தேவசத்தம் என்று எடுத்துக்கொள்ள ஆசைதான்.

தூங்கிப்போன நாட்களும் உண்டு. சூரைச்செடியின் கீழே எலியா தீர்க்கதரிசியும் தூங்கித்தான் போனார். தேவதூதன் தட்டி எழுப்பி, சாப்பிடு என்றானே தவிர ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. வேதத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம்.

எப்போதாவது, எதையும் கேட்கத் தோன்றாமல் மனசு கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். எப்படி வந்தது, எப்போது போனது என்று தெரியாது. அதற்காகத்தான் மறுபடியும் போய் உட்காருகிறேன்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். தனி அறைக்கு எங்கே போவது? சமையல் ஏப்ரனைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம், அப்படிச் சொல்வார்கள். இதை ஒரு தகவலாகத்தான் மனைவியிடம் சொன்னேன்.

மறுநாள் கூடத்தின் நட்டநடுவில், தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளைகள் சுவரோரமாக நடந்தார்கள். தொலைக்காட்சியை யார் அணைத்தார்கள் என்றே தெரியவில்லை. என் அம்மா மட்டும் என் காதருகே வந்து, "என் மாத்திரையை எங்க வெச்சான்னு இப்பக் கேக்கலாமா, கூடாதா?" என்று கிசுகிசுத்தார்.

போர்வைக்குள்ளிருந்து பதில் வந்தது. "ரெண்டாவது இழுப்பறை, அத்தை. சாப்பிட்டதுக்கு அப்புறம்."