இரண்டு வார இன்டர்ன்ஷிப், ஒரு கிரெடிட்: கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்குள் நுழைந்த கதை

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில், அதாவது பாடத்திட்ட விதிமுறையில், மெக்கானிக்கல் படிப்பவர்களுக்கு ஆறாவது செமஸ்டர் முடிந்து வரும் கோடை விடுமுறையில் இரண்டு வார இன்டர்ன்ஷிப் உண்டு. அதற்கு ஒரு கிரெடிட். விடுமுறையில் செய்வதை ஏழாவது செமஸ்டரில் மதிப்பிடுவார்கள். வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது கணக்கு. நிறுவனத்தின் சான்றிதழ், ஒரு சின்ன ரிப்போர்ட், துறைக்குள்ளேயே மூன்று பேர் உட்கார்ந்து நடத்தும் வைவா என்ற வாய்மொழித் தேர்வு, இவ்வளவுதான். காகிதத்தில் பார்த்தால் இதைவிடச் சுலபமான கிரெடிட் கிடையாது.

சுலபம் என்பதால்தான் பாதிப் பேர் இதைக் காசு கட்டி முடித்துவிடுகிறார்கள். ஊருக்குள் அதற்கென்றே பயிற்சி மையங்கள் இருக்கின்றன. பணத்தைக் கட்டினால் ஏ.சி. அறையில் சில நாள் சாப்ட்வேர் சொல்லித் தருவார்கள், வழவழப்பான காகிதத்தில் சர்ட்டிபிகேட் வரும். குறை சொல்லவில்லை. பஸ் வசதி இல்லாத ஊரிலிருந்து வருபவருக்கும், விடுமுறையில் வேலைக்குப் போய்ச் சம்பாதித்தாக வேண்டியவருக்கும் வேறு வழி இருக்காது. ஆனால் மூன்று வருடம் மெக்கானிக்கல் படித்துவிட்டு ஓடும் தொழிற்சாலையின் உள்ளே ஒரு முறைகூட நின்றதில்லை என்றால் எனக்கே உறுத்தியது.

முதலில் எல்லோரையும் போல மெயில்தான். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உள்ள பெரிய கம்பெனிகளின் பொது முகவரிகளுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன். பதில் வந்த ஒன்றிரண்டும் ‘குறைந்தது ஒரு மாதம் வேண்டும், இந்த ஆண்டுக்கான ஆட்களை எடுத்து முடித்துவிட்டோம்’ என்றன. பெரிய இடம்தான் வேண்டும் என்பவர்கள் ஜனவரியிலேயே தொடங்குவது நல்லது. செமஸ்டர் எக்ஸாம் நெருங்கும்போது தேடினால் கதவு சாத்தியிருக்கும். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் இணையதளத்திலும் பதிந்து வைத்தேன். அங்கே என் கண்ணில் பட்டதெல்லாம் மார்க்கெட்டிங், கன்டென்ட் எழுதுவது, வீட்டிலிருந்தே செய்யும் கோடிங். மெஷின் பக்கம் போக நினைப்பவருக்கு அதில் வேலை இல்லை. வீட்டில் அப்பா செய்தியில் பார்த்துவிட்டு, பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் தருகிறார்களாமே என்றார். 2024 அக்டோபரில் அதைத் தொடங்கியபோதே முழுநேரம் படித்துக்கொண்டிருப்பவர்களுக்குக் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதுவும் சரிவரவில்லை.

சரி, கையருகே கோயம்புத்தூர் இருக்கிறதே. கணபதி, ஆவாரம்பாளையம், சின்னவேடம்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் லேத்துச் சத்தம் கேட்கும் ஊர். பம்ப், மோட்டார், கிரைண்டர், அவற்றுக்கான வார்ப்பு. கல்லூரி லெட்டரை எடுத்துக்கொண்டு தோழியும் நானும் நேரிலேயே கிளம்பினோம்.

மறுத்தவர்கள் யாரும் முகத்தில் அடித்த மாதிரிப் பேசவில்லை. மூன்று காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. வேலை நடுவே யார் உட்கார்ந்து சொல்லித்தருவது? ‘கையில கால்ல ஏதாச்சும் பட்டுச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?’ மூன்றாவது, எங்களைப் பார்த்ததும் வருவது: ‘இங்க பொம்பளப் புள்ளைங்களுக்கு வசதி இல்லீங்களே.’ வசதி என்றால் பாத்ரூம்தான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கல்லூரி தந்த லெட்டரும் உதவவில்லை. ‘மனிதவள மேலாளர் அவர்களுக்கு’ என்று தொடங்கும் அச்சடித்த படிவம் அது. பதினைந்து பேர் வேலை செய்யும் இடத்தில் மனிதவள மேலாளருக்கு எங்கே போவது? முதலாளியே பர்ச்சேஸ், முதலாளியே டெஸ்பாட்ச். லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்துவிடுவார்கள். அத்தோடு சரி.

கடைசியில் வழி கிடைத்தது எங்கள் தோட்டத்துக் கிணற்றடியில். எங்களுக்கு அன்னூர் பக்கம். போர்வெல் மோட்டார் புகைந்துபோய், கழற்றித் தூக்க மெக்கானிக் வந்திருந்தார். அவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். ‘அட, இதை மொதல்லயே சொல்லக்கூடாதா அம்மிணி? கம்பெனியில டெஸ்டிங் பாக்கற அண்ணன் நமக்குப் பழக்கந்தான். மொதலாளிகிட்டப் போகாதீங்க, அவருகிட்டப் போங்க’ என்று நம்பர் கொடுத்தார். இதை யோசித்திருந்தால் அத்தனை மெயிலும் தேவைப்பட்டிருக்காது. ஒரு பொருளை விற்பவர், பழுது பார்ப்பவர், அதற்கு உதிரி பாகம் சப்ளை செய்பவர் என யாரைப் பிடித்தாலும் அவர்களுக்குத் தொழிற்சாலைக்குள் ஓர் ஆளைத் தெரிந்திருக்கும். அந்த ஆள் ‘வரட்டுங்க, நான் பாத்துக்கறேன்’ என்று சொல்லிவிட்டால் முதலாளிக்கு முதல் கவலை போய்விடும்.

டெஸ்டிங் அண்ணனிடம் போனில் ஒரே கேள்வி கேட்டேன்: நீங்கள் எடுக்கும் ரீடிங்கை எங்கே எழுதி வைக்கிறீர்கள்? லாங்சைஸ் நோட்டில், என்றார். கணக்கு? கால்குலேட்டரில். அதை எக்செல்லில் போட்டு கர்வ், அதாவது வரைபடக் கோடு, வரைந்து தரட்டுமா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், ‘நாளைக்கு வாங்க’ என்றார்.

முதலாளிக்கு அறுபது வயது இருக்கும். ‘ரெண்டு வாரத்துல என்னத்தக் கத்துக்குவீங்க?’ என்று கேட்டவர், எக்செல் விஷயத்தை அண்ணன் சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாத்ரூம் பிரச்சினையும் அங்கே இல்லை. மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் செக்‌ஷன் முழுக்க அக்காக்கள்தான். கோவையில் பல மோட்டார் கம்பெனிகளில் அப்படித்தான். மெக்கானிக்கல் படிக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால், விசாரிக்கும்போதே வைண்டிங் உள்ளேயே நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மீதி இருந்தது விபத்து பற்றிய பயம். எங்கள் கல்லூரியே மாணவர்களுக்கு விபத்துக் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறது. அட்மிஷனில் பணம் கட்டியதோடு நாம் அதை மறந்துவிடுகிறோம். அந்தப் பாலிசியின் நகல், அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், முதலாளி பெயருக்கே புதிதாக டைப் செய்த லெட்டர் மூன்றையும் சேர்த்து ஒரு ஃபைலில் போட்டுக் கொடுத்தேன். லெட்டரில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்தப் பிரிவில் என்பதும் இருந்தது. டிபார்ட்மென்ட் ஆபீஸ் அண்ணன் முதலில் ‘இதுதான் ஃபார்மட், மாத்தக் கூடாது’ என்றார். துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யிடம் போய்ச் சொன்னதும் அவரே மாற்றித் தரச் சொல்லிவிட்டார்.

இனி உள்ளே நடந்தது.

முதல் சில நாள் வைண்டிங். போர்வெல் மோட்டாருக்குள் தண்ணீர் நிரம்பியிருக்கும். அதனால் சாதாரண எனாமல் கம்பி ஆகாது, மேலே பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. அதை மோட்டாரின் அசையாத பகுதியான ஸ்டேட்டரில் உள்ள ஸ்லாட்டுக்குள், அதாவது காடிக்குள், இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் இழுத்து, மறுபடி இந்தப் பக்கம், சட்டைக்குத் தையல் போடுவதைப் போலச் சுற்று சுற்றாகக் கோத்துக்கொண்டே போக வேண்டும். உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் தண்ணீருக்குள் ஷார்ட்தான். வளையலைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அக்காக்கள் உட்காருவார்கள், என்னையும் கழற்றச் சொன்னார்கள். சுற்றி முடித்த ஸ்டேட்டரைத் தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, மின்கசிவு இருக்கிறதா என்று மெக்கர் கருவி வைத்துப் பார்ப்பார்கள். நான் இழுத்த கம்பிச்சுருள் பாஸானபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த லேபிலும் அனுபவித்ததில்லை.

அப்புறம் டெஸ்டிங். நீர்மூழ்கி பம்ப் செட்டுகளுக்கு ஐ.எஸ். 8034 என்ற தரநிலை உண்டு. வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஒவ்வொரு நிலையிலும் பிரஷர், தண்ணீர் அளவு, வோல்டேஜ், ஆம்பியர், வாட் என்று குறிக்க வேண்டும். கேஜில் ஒரு கிலோ காட்டினால் ஏறக்குறைய 10 மீட்டர் உயரம் என்று கணக்கு. நொடிக்கு எத்தனை லிட்டர் என்பதை எத்தனை மீட்டர் உயரம் என்பதால் பெருக்கி 102-ஆல் வகுத்தால் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்த கிலோவாட் வரும். ஒரு ரீடிங்கில் 3 லிட்டர், 68 மீட்டர் என்று வந்தது. ஆக 2 கிலோவாட். மின்சாரம் உள்ளே போனது 5. அதாவது 40 சதவீதம். மீதி மோட்டார், பேரிங், தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் என்று வழியிலேயே போய்விடுகிறது. புத்தகத்தில் எஃபிஷியன்சி என்று படித்தது இதைத்தான். ஆனால் அதற்கான கரண்டு பில்லை யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது அங்கே நின்றபோதுதான் உறைத்தது. எங்கள் ஊரில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் என்பதால், கட்டுவது அரசாங்கம்.

ஒரு நாள் அண்ணன் கேட்டார்: ‘வால்வை முழுசா மூடிட்டா ஆம்பியர் ஏறுமா, எறங்குமா?’ தண்ணீர் போக வழியில்லை, மோட்டார் திணறும், ஏறும் என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வால்வை மூடினார். முள் இறங்கியது. தண்ணீரைச் சுழற்றி வெளிப்பக்கமாக வீசும் இந்த ரேடியல் ஃப்ளோ பம்பில் தண்ணீர் ஓடவில்லை என்றால் வேலை குறைவு, அதனால் கரண்டும் குறைவு. ஆனால் சூடாகும் என்று சில நொடிகளிலேயே திறந்துவிட்டார்.

இடையில் ஒரு நாள் மாதாந்திரப் பராமரிப்புக்காக காலையிலிருந்து மாலை வரை மின்தடை. இன்டர்ன்ஷிப் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது விதி. அன்றைக்கு வராமல் விட்டால் வருகைப் பதிவில் ஓட்டை விழும். அதனால் போய் உட்கார்ந்து, பழைய நோட்டுகளிலிருந்து ரீடிங்கை லேப்டாப்பில் ஏற்றினேன். லாக் புக்கில் ‘மின்தடை, பதிவேடு வேலை’ என்று எழுதி அண்ணனிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். லாக் புக்கை அன்றன்றைக்கே எழுதிவிடுங்கள். கடைசி நாளில் மொத்தமாக எழுதியது எது என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிடும், மை ஒரே மாதிரி இருக்கும்.

சான்றிதழுக்கு நாமே வாசகத்தை எழுதிக் கொடுத்துவிடுவது உத்தமம். கம்பெனியில் முதலில் டைப் செய்து வைத்திருந்ததில் ‘எங்கள் நிறுவனத்தைப் பார்வையிட்டார்’ என்று இருந்தது. அதை அப்படியே கொண்டுபோனால் ஒரு நாள் இண்டஸ்ட்ரியல் விசிட் ஆகிவிடும். இன்டர்ன்ஷிப் என்ற சொல், தொடங்கிய தேதி, முடிந்த தேதி, பிரிவு, பெயருக்குப் பக்கத்தில் ரெஜிஸ்டர் நம்பர், லெட்டர்ஹெட், கையெழுத்து, சீல். இவற்றில் ஒன்று விட்டாலும் மறுபடி ஒரு நடை.

வைவாவில் இருந்த மூன்று பேரில் ஒருவர் தெர்மல்காரர், பம்ப் பக்கம் அதிகம் வராதவர். சர்ட்டிபிகேட்டைப் புரட்டிவிட்டு, ‘என்ன கத்துக்கிட்டீங்க?’ என்று பொதுவாகக் கேட்டார். வால்வை மூடினால் ஆம்பியர் ஏறுமா, இறங்குமா என்று கேட்டுவிட்டு, கர்வைக் காட்டினேன். அவருக்கும் பக்கத்தில் இருந்த மேடத்துக்கும் அதிலேயே விவாதம் ஓடி, மிச்ச நேரம் முடிந்துபோனது.

கம்பெனியில் இப்போது என் எக்செல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். 102 என்ற எண்ணை யாரோ தெரியாமல் அழித்துவிட்டதாக அண்ணன் ஒரு தடவை போன் செய்தார், சரிசெய்து அனுப்பினேன். அடுத்த கோடைக்கும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். ஜூனியர்ஸ் யாராவது போவதானால் லெட்டரை முதலாளி பெயருக்கே வாங்குங்கள், இன்சூரன்ஸ் நகலை மறக்காதீர்கள். செருப்போடு போனால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார், ஷூ கட்டாயம்.