கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு நான்கு நூல்கள்

புதிய நாட்டில் எனக்கு வாய்த்த முதல் கிறிஸ்துமஸ் விடுமுறைக்காக, நூலகம் அடைப்பதற்கு முந்திய மாலையில், தால்ஸ்தோயின் 'போரும் வாழ்வும்' நாவலை ஆங்கிலத்தில் இரவல் வாங்கி வந்தேன். பத்து நாள் விடுமுறை, பேச்சுக்கு ஆளில்லாத அறை, ஆகவே முடித்துவிடலாம் என்பது கணக்கு. பெயர்களின் நெரிசலில் சிக்கி அறுபதாம் பக்கத்தைக்கூடத் தாண்டவில்லை. அலுவலகம் மூடி, தெருவும் அடங்கி, நாலு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில் மனத்துக்கு அவ்வளவு தெம்பு இருப்பதில்லை. ஓரிரு நாளில் முடிக்கக்கூடியதும், அடைத்துக் கிடக்கும் அந்தக் கதவுகளுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியதுமான நூல்தான் அப்போது வேண்டும். அன்றுமுதல் ஆண்டுதோறும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறேன். புதிதாக வந்து சேரும் நம்மவர் கேட்டால் இந்த நான்கையும் சொல்வேன்.

முதலாவது, சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கரோல்'. 1843 டிசம்பர் 19 அன்று வெளியான இந்நூலின் முதல் 6,000 படிகளும் கிறிஸ்துமஸுக்குள் விற்றுத் தீர்ந்தன. இதைப் பற்றிப் பேசுவோர் எல்லாம், கஞ்ச முதலாளி ஸ்க்ரூஜைக் கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் திருத்த வரும் ஆவிகளைத்தான் பேசுவார்கள். நான் சொல்வது தொடக்கத்தில் வரும் கரிப்பெட்டிக்காக. எழுத்தரின் அறையில் ஒற்றைக் கரித்துண்டு அளவுக்குத்தான் தீ எரிகிறது. கரிப்பெட்டி ஸ்க்ரூஜின் அறையில் இருப்பதால் எழுத்தர் இன்னும் கொஞ்சம் அள்ளிப்போட வழியில்லாமல், கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டு மெழுகுவத்தியில் குளிர்காயப் பார்க்கிறார். அறை வெப்பமூட்டியின் திருகைக் கால் சுற்றுக்கு மேல் திருப்ப அஞ்சிய குளிர்காலத்தில் இதைப் படித்ததால், அந்த எழுத்தர் எனக்கு உடனே உறவினராகிவிட்டார். அதே பக்கங்களில், ஒரு நாள் விடுமுறை கேட்பவரிடம் முதலாளி முணுமுணுத்துக்கொண்டே அதைக் கொடுத்து, மறுநாள் அதற்கு ஈடாக வழக்கத்தைவிட முன்னதாக வரச் சொல்கிறார். நாம் கேட்காமலே கிடைக்கும் விடுமுறை அன்று அப்படித்தான் கிடைத்திருக்கிறது.

இரண்டாவதிலும் கரிதான். அயர்லாந்து எழுத்தாளர் கிளேர் கீகனின் 'ஸ்மால் திங்ஸ் லைக் தீஸ்' 2021இல் வந்த, நூற்றுச் சொச்சம் பக்கமே உள்ள நூல். 1985இன் கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரங்களில், நியூ ராஸ் என்னும் சிற்றூரில், கரி வியாபாரியான பில் ஃபர்லாங் கன்னிமடத்துக்குச் சுமை இறக்கப் போய், கரிக் கொட்டகைக்குள் ஒரு பெண் அடைக்கப்பட்டிருப்பதைக் காண்கிறார். ஐந்து பெண் பிள்ளைகளைப் பெற்றவர் அவர். ஊருக்கு எல்லாம் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. அயர்லாந்துக் கன்னிமடங்கள் இப்படிப் பெண்களை அடைத்து வேலை வாங்கிய சலவைக்கூடங்களில் கடைசியானது 1996இல்தான் மூடப்பட்டது என்பதை நினைத்தால் கதை இன்னும் கனக்கும். வெளிச்சம் தெரியும் சன்னல்களை எல்லாம் தெருவில் நின்று பார்த்து, உள்ளே இருப்போர் அனைவரும் மகிழ்ச்சியாக இருப்பதாகவும் நாம் மட்டுமே வெளியே நிற்பதாகவும் எண்ணிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. இந்த நூல் அதைக் குறைத்தது. நான்கில் ஒன்றுதான் என்றால் இதையே எடுங்கள்.

மூன்றாவது பண்டிகைக் கதையன்று, குளிர்காலக் கதை. 1956இல் வந்த 'தி லோன்லி லண்டனர்ஸ்' நாவலை எழுதிய சாமுவேல் செல்வனின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவருடைய தந்தை மதராஸிலிருந்து கரீபியத் தீவான டிரினிடாடுக்குச் சென்ற தமிழ்க் கிறிஸ்தவர். பனிமூட்டம் படிந்த மாலையில் அந்தத் தீவிலிருந்து லண்டனின் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்கு வந்திறங்கும் இளைஞன் கலஹாட் மெல்லிய கோடை உடையில், பெட்டி படுக்கை எதுவுமின்றி, ஒரு பல்துலக்கியுடன் நிற்கிறான். அழைக்க வந்த மோசஸுக்குத்தான் அவனைப் பார்த்துக் குளிரெடுக்கிறது. நாவல் முழுவதும் டிரினிடாட் பேச்சு ஆங்கிலத்தில் நடப்பதால் முதல் இருபது பக்கம் பொறுமை வேண்டும். பெண்களைப் பற்றிய அதன் பேச்சு இன்று உறுத்தவே செய்கிறது. ஆனாலும் உச்சரிப்பை நினைத்து அலுவலகத்தில் வாயடைத்துப்போன எனக்கு, தன் பேச்சை மாற்றிக்கொள்ளாமலே ஒருவர் ஒரு நாவலை எழுதி முடித்திருப்பது பெரிய ஆறுதலாக இருந்தது.

நான்காவதான ஜும்பா லாகிரியின் 'தி நேம்சேக்' (2003) சற்றுத் தடித்தது, ஆனால் வேகமாக ஓடும். 1968இல் அமெரிக்கச் சமையலறையில் கிடைத்த பொருட்களைக் கலந்து கல்கத்தாத் தெருவின் பொரி ருசியைத் தேடும் ஆஷிமாவில் தொடங்கி, 2000ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அவள் வீட்டில் நடக்கும் விருந்தில் முடிகிறது. கீழே விருந்தினர் கூடியிருக்க, அப்பா எப்போதோ பரிசளித்து, தான் படிக்காமலே விட்ட நூலை மகன் மாடியறையில் உட்கார்ந்து அப்போதுதான் படிக்கத் தொடங்குகிறான். இந்தக் கடைசி அத்தியாயத்தை நான் 24ஆம் தேதி மாலைக்கென்று விட்டுவைப்பது வழக்கம். நூலகம் அதற்கு முன்பே அடைத்துவிடும். இரவல் தவணை ஜனவரி வரை இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.