வெறும் வயிற்றில் சுகர் நார்மல்தான், ஆனால்…

பிசிஓஎஸ் என்ற, சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு இருப்பது தெரிந்த பிறகும், வெறும் வயிற்றில் எடுத்த சுகர் நார்மலாக வந்ததால் இன்சுலின் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை. என் பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்து, தொட்டால் வெல்வெட் மாதிரி இருக்கும். தேய்த்துக் குளிக்கச் சொல்லாதவர்கள் இல்லை. புதிதாகப் பார்த்த ஹார்மோன் டாக்டர்தான், "இது அழுக்கு இல்லம்மா, இன்சுலின் அதிகமா சுரக்கறதோட அடையாளம்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். திகட்டும், குமட்டும்; ஆனாலும் வாந்தி எடுக்காமல், நடமாடாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். சர்க்கரை அளவு 140-ஐத் தாண்டியிருந்தது, 200-ஐத் தொடவில்லை. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. ஒல்லியாக இருந்தாலும் பிசிஓஎஸ் உள்ளவர்கள் சர்க்கரை அளவைப் பார்க்க வேண்டும் என்று 2023-இன் சர்வதேச வழிகாட்டுதலே சொல்கிறது.

செல்கள் இன்சுலினுக்கு மசியாதபோது கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. அந்த இன்சுலின் சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. தாடையில் முளைத்த முடிக்கும் தள்ளிப்போன பீரியட்ஸுக்கும் காரணம் புரிந்தபோது, என் உடம்பின் மேல் இருந்த கோபம் தணிந்தது.

சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரையை 500 மில்லிகிராமில் தொடங்கினேன். சாப்பாட்டோடு போட்டும் வயிறு கலக்கியது, வாயில் இரும்புச் சுவை. மெதுவாகக் கரையும் மாத்திரைக்கு மாற்றிய பிறகு அடங்கியது. நீண்ட நாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம் என்பதால் அதையும் பார்க்கிறார்கள். இன்னொன்று, பலரும் சொல்லாமல் விடுவது: இதனால் கருமுட்டை வெளிவரத் தொடங்கலாம். குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள், பீரியட்ஸ் வரவில்லையே என்று கருத்தடையை விட்டுவிடக் கூடாது.

எனக்கு மாத்திரை அளவுக்கு உதவியது எடை தூக்கும் பயிற்சி. வேலை செய்யும் தசை, இன்சுலின் தயவில்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் சிறிது நடப்பேன். மாவுச்சத்தை அடியோடு விடவில்லை. அளவைக் குறைத்து, புரதத்தையும் காய்கறியையும் முதலில் சாப்பிடுகிறேன். எடை பெரிதாக இறங்கவில்லை, இடுப்பில் உடை தளர்ந்தது. பீரியட்ஸ் இப்போது ஓரளவு ஒழுங்காக வருகிறது. மாத்திரையைக் குறைக்கலாமா என்பதை அடுத்த டெஸ்டுக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றிருக்கிறார் டாக்டர்.