கோட்டையூரில் ஒரு பொங்கல் விடுமுறை

13 ஜனவரி 2025, திங்கள், போகி

பதினேழாம் தேதியையும் அரசு விடுமுறையாக அறிவித்துவிட்டதால் நாளை முதல் ஞாயிறு வரை பள்ளி இல்லை. அவரும் மகனும் கோவையில் நாத்தனார் வீட்டில் இருக்கிறார்கள். நான் வரவில்லை என்று சொன்னதும் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். இல்லை. கோபமா? இல்லை. அப்புறம்? அப்புறம் ஒன்றுமில்லை, வீட்டில் இருக்கிறேன். இந்தப் பதிலை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

மாலையில் அலமாரியைக் காலி செய்ய உட்கார்ந்தேன். பழைய வினாத்தாள்கள், யாருடையவோ கல்யாணப் பத்திரிகைகள், ஒரு சர்க்கஸ் நோட்டீஸ். போகி நாளில் இதையெல்லாம் தூக்கிப் போடத்தான் வேண்டும். ஆனால் நான் குடியிருப்பது ரோஜா முத்தையாவின் ஊரில். நோட்டீஸ், நாடக விளம்பரம், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் கழித்துக் கட்டியதையெல்லாம் புத்தகங்களோடு சேர்த்து வைத்த மனிதர். அவர் 1992இல் இறந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. சென்னையில் அது ஆராய்ச்சி நூலகமாக ஆனது 1994இல். சரி, வினாத்தாள்கள் போயின. சர்க்கஸ் நோட்டீஸ் இருக்கட்டும்.

14 ஜனவரி, செவ்வாய், பொங்கல்

நாங்கள் இருப்பது பழைய செட்டியார் வீடு ஒன்றின் பின்கட்டில். முகப்பும், நடு முற்றமான வளவும் பங்காளிகளுடையவை. வளவைச் சுற்றியுள்ள ஒவ்வோர் அறைக்கும் ஒரு பங்காளி, ஒரு பூட்டு. பெருக்கி, விளக்கேற்றி வைப்பது எங்கள் பொறுப்பு என்பதால் வாடகை குறைவு. பொங்கலுக்கு யாராவது வந்து வளவு வாசலில் பானை வைப்பார்கள். இந்த வருஷம் ஒருவரும் வரவில்லை.

ஒரு கைப்பிடி பச்சரிசி, அதற்கேற்ற பருப்பு. தனியாளுக்குப் பொங்கல் வைப்பதில் பெரிய சிக்கல் பாத்திரம்தான். வீட்டிலிருக்கும் மிகச் சின்ன வெண்கலப் பானையில்கூட அந்த அரிசி அடியிலேயே கிடந்தது. பொங்கி வழிய வேண்டுமே என்பதற்காகப் பாலைக் கூட்டினேன். வழிந்தது. ‘பொங்கலோ பொங்கல்’ என்று ஒற்றை ஆளாகச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டில் சங்கு ஊதினார்கள். அந்தச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டு ஆச்சி ஓர் ஓலைக் கொட்டான் நிறையப் பலகாரத்தோடு வந்தார். தேன்குழல், மாவுருண்டை, சீப்புச்சீடை.

“என்ன டீச்சர், நல்ல நாளும் அதுவுமா தனியாவா?”

“ஆமா ஆச்சி.”

“எங்க வீட்லயும் நான் அரைப்புள்ளிதான்.”

நகரத்தார் கணக்கு அது. மகனுக்குக் கல்யாணமானால் அவன் தனிப்புள்ளி. கணவனோ மனைவியோ இறந்துவிட்டால் மற்றவர் அரைப்புள்ளி. கோயிலுக்குக் கொடுக்கும் வரிகூட இந்தப் புள்ளியை வைத்துத்தான். “செட்டியார் போனதிலேருந்து வரி பாதி. பானை மட்டும் முழுசு” என்று சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆச்சிக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. ஏட்டில் பெயர் இருக்கிறதே, அதுதான் அவருக்குப் பெரிது. கணவனை இழந்தவளை எந்த ஏட்டிலும் சேர்க்காத வீடுகளை நானே பார்த்திருக்கிறேன், அந்த வகையில் இது மேல். ஆனாலும் ஆள் முழுசாகத்தானே எதிரில் உட்கார்ந்து சீடையைக் கடித்துக்கொண்டிருந்தார்! அதை அவரிடம் சொல்லவில்லை. நானே கணக்கில் வராத குடித்தனக்காரி.

15 ஜனவரி, புதன்

மாடு இல்லை. தூங்கினேன். மதியம் பழைய பொங்கல், அப்புறம் மறுபடி தூக்கம்.

16 ஜனவரி, வியாழன்

தை மூன்று, சிராவயல் மஞ்சுவிரட்டு. காலையிலிருந்து தெருவில் பைக் சத்தம்தான். எதிர்வீட்டுப் பையனும் கிளம்பினான். “போன வருஷம் கட்டுமாட்டுக்குப் பயந்து வேலியில ஏறுனேன் டீச்சர்” என்று பெருமையாகச் சொன்னான். மாடுபிடிப்பதில் பெருமை, மாட்டுக்குப் பயந்து ஓடுவதிலும் பெருமை. பொட்டலுக்குப் போகாத ஆண்பிள்ளைதான் இந்தப் பக்கம் பேச்சுக்கு இடமாவான்.

எல்லோரும் போன பிறகு வளவில் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டேன். பூக்கல் பதித்த தரை, ஜனவரியில் முதுகு சில்லிடுகிறது. தலைக்கு மேலே சதுரமாக வானம். நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிந்து, மழைத் தண்ணீரை இந்த முற்றத்துக்கே கொண்டுவந்து விடுகிறது. மழைக்காலத்தில் அண்டா வைத்துப் பிடிப்போம். இத்தனை வருஷமாகக் குனிந்து பெருக்கிய இடத்தில் படுத்துப் பார்க்க ஆள் இல்லாத வீடு கிடைக்க வேண்டியிருந்திருக்கிறது.

17 ஜனவரி, வெள்ளி

படுத்திருந்த கல்லே மனசில் நின்றுவிட்டதால் பஸ் ஏறி, அந்தப் பூக்கல் செய்யும் ஆத்தங்குடிக்குப் போனேன். பட்டறைகள் பெரும்பாலும் பொங்கலுக்கு மூடிக் கிடந்தன. ஒன்றில் மட்டும் ஒரு பெரியவர், உடன் ஒரு பையன்.

கண்ணாடித் துண்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ அச்சு. கரைத்த நிறச் சிமெண்டைக் கரண்டியால் ஒவ்வோர் இதழுக்குள்ளும் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கின்றன. எனக்குக் கோலப்பொடியே கோட்டைத் தாண்டும். மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதற்கு மேல் சாந்து போட்டுச் சமன் செய்கிறார். சூளை கிடையாது, சுடுவதே இல்லை. தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துவதோடு சரி. பளபளப்பு எங்கிருந்து என்று கேட்டேன். “கண்ணாடியிலேருந்துதாம்மா. அதோட முகம்தான் இதுக்கும்” என்றார். செய்கிறவருக்கு முழு நேரமும் கல்லின் முதுகுதான் தெரிகிறது. பூவைப் பார்க்கக் கண்ணாடியை எடுக்கும் வரை காத்திருக்க வேண்டும்.

“தனியாவா வந்தீங்க?” இங்கேயும் அதே கேள்வி. ஆனால் பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். இந்த விடுமுறையில் என்னிடம் இதைச் சரியாகக் கேட்டவர் இவர் ஒருவர்தான்.

துளசித் தொட்டிக்கு அடியில் வைக்க நாலு கல் சொல்லிவிட்டு வந்தேன். ஊறி உலர்ந்து கைக்கு வர ஒரு வாரமாவது ஆகுமாம்.

19 ஜனவரி, ஞாயிறு

இரவு பஸ்ஸில் இருவரும் வருகிறார்கள். மகனுக்குச் செமஸ்டர் லீவு, பத்து நாள் இருப்பான். ஆச்சியின் கொட்டானில் வாழைப்பழமும் வெற்றிலையும் வைத்துத் திருப்பிக் கொடுத்தாயிற்று. இட்லிக்கு அரைத்தேன், பழைய அளவுக்கு. கிரைண்டர் சத்தத்தில் போனே கேட்கவில்லை.

கோவையிலிருந்து கிளம்பும்போது மகன் மறுபடி அழைத்தான். போர் அடிக்கவில்லையா என்றான். ஆத்தங்குடிக் கதையைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கல் வாங்கப் போகும்போது தானும் வருவதாகச் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.