61ஆம் தெருவில் இருந்த பள்ளிக்கூடம்

கூடைப்பந்தை நேசிப்பவர்களுக்குக் கரீம் அப்துல்-ஜப்பாரைத் தெரியும்; அவர் படித்த பள்ளியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நியூயார்க்கின் மன்ஹாட்டனில், மேற்கு 61ஆம் தெருவில் இருந்த பவர் மெமோரியல் அகாடமி என்னும் கத்தோலிக்க ஆண்கள் பள்ளி அது. அதன் கதை என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது.

'பவர்' என்றதும் வலிமை என்று பொருள் கொள்ளத் தோன்றும். உண்மையில், ஹார்லெம் பகுதியின் அனைத்துப் புனிதர்கள் பங்கு ஆலயத்தில் பணியாற்றி, அயர்லாந்தின் கிறிஸ்தவ சகோதரர்கள் சபையினரை அங்கு அழைத்து வந்த பேரருட்தந்தை ஜேம்ஸ் பவரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அச்சகோதரர்கள் 1931இல் ஹார்லெமில் தொடங்கிய பள்ளி, 1938இல் 61ஆம் தெருவில் மருத்துவமனையாக இருந்த பழைய கட்டடத்துக்கு மாறியது. அது பகல்நேரப் பள்ளி; மாணவர்கள் நகரின் பல பகுதிகளிலிருந்தும் வந்து மாலையில் வீடு திரும்பினார்கள். லூ அல்சிண்டர் என்ற பெயரோடு 1961இல் அங்கு சேர்ந்த கரீமின் தந்தை, நகரின் பொதுப் போக்குவரத்துக்கான காவல்துறையில் பணியாற்றியவர்.

பயிற்சியாளர் ஜாக் டோனஹூவின் கீழ் அப்பள்ளி அணி தொடர்ந்து 71 ஆட்டங்களில் வென்றது. 1964இல் அதனிடம் 65-62 என்ற கணக்கில் தோற்றிருந்த மேரிலாந்தின் டிமாத்தா பள்ளி, மறு ஆண்டு ஆட்டத்துக்குத் தயாரான விதம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. ஏழடி உயரமான அல்சிண்டரின் கைகளைத் தாண்டிப் பந்தை எறியப் பழகுவதற்காக, பயிற்சியாளர் மார்கன் வூட்டன் தம் வீரரிடம் டென்னிஸ் மட்டையைக் கொடுத்து, அதை உயரத் தூக்கிப் பிடித்தபடி தடுத்தாடச் சொன்னார். 1965 ஜனவரி 30 அன்று டிமாத்தா 46-43 என்று வென்றது; 71 ஆட்டங்களின் தொடர் அன்றோடு முடிந்தது.

ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் டோனஹூ தம்மை நோக்கி இனவெறிச் சொல்லைப் பயன்படுத்தியதாகக் கரீம் பின்னாளில் எழுதினார். அந்தக் காயம் ஆற நெடுங்காலம் ஆயிற்று. வெற்றிகளைப் பேசும்போது இதையும் சொல்வதே நேர்மை என்று கருதுகிறேன்.

1960களில் லிங்கன் சென்டர் என்னும் கலையரங்க வளாகம் அருகே எழுந்தபின் அப்பகுதியின் நிலமதிப்பு உயர்ந்துகொண்டே போயிற்று. பள்ளியிலோ மாணவர்கள் குறைந்தார்கள், செலவு கூடியது. 1984இல் பள்ளி மூடப்பட்டது. கட்டடமும் பின்னர் இடிக்கப்பட்டது. அன்று வென்ற டிமாத்தா இன்றும் ஆண்கள் பள்ளியாகவே நடக்கிறது. 61ஆம் தெருவில் அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது.